அழுகையை அடக்காதே, அம்மிணி!

சோமனூரில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். காலை, மாலை, நடுநிசி என்று கணக்கில்லை. எங்களுக்கு அது பழகிப் போய்விட்டது. தறி நின்றால்தான், 'என்ன, கரண்ட் போயிருச்சா?' என்று திடுக்கிட்டு எழுந்திருப்போம். இந்தச் சத்தத்தில் ஒரு சங்கடம் உண்டு. பக்கத்து வீட்டில் ஒருத்தி அழுதாலும் நமக்குக் கேட்காது.

என் நாத்தனார் மகளும் அப்படித்தான் அழுதிருக்கிறாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. பிரசவமாகி வந்த பிறகு ஏறக்குறைய நாற்பது நாள்!

இரண்டாவதும் பெண் குழந்தை. யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரும் சர்க்கரையும் கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் வீட்டிலும் நிலைமை சரியில்லை. எங்கள் ஊரில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடையும் உற்பத்தியாளரிடமிருந்து வரும். காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறிகள் நின்றன. தறி நின்றால் தறிக் கடனுக்கான தவணை நிற்குமா? அந்தக் கவலையெல்லாம் கடைசியில் வந்து இறங்குகிற இடம் சமையலறைதானே!

ஒருநாள் குழந்தையைப் பார்க்கப் போனேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், சீவாத தலை. கேட்டதும் மெதுவாகச் சொன்னாள்.

"தூக்கமே வர மாட்டேங்குதுங்க அத்தை. பாப்பா தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வர்றதில்லீங்க. அவளைத் தூக்கவே பயமா இருக்குது. நானெல்லாம் ஒரு அம்மாவான்னு தோணுதுங்க..."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"உனக்கென்ன கண்ணு குறைச்சல்? தங்கமான புருஷன், சொந்தத் தறி, ரெண்டு மகாலட்சுமி! கண்டதையும் நினைக்காதே. மனசைத் தைரியமா வெச்சுக்கோ. எல்லாம் சரியாப் போயிரும்."

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறுதல் சொன்னதாக நினைத்துக் கொண்டு நான் அவள் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்!

அவள் மாமியாருக்கோ வேறு எண்ணம். "பச்சை உடம்புக்காரி உச்சி வேளையில வெளிய வந்தா. காத்துப் பட்டிருக்கும்" என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒரு கயிறு மூன்று கயிறாயிற்று. அழுகை நிற்கவில்லை. மனநல டாக்டரிடம் காட்டலாம் என்று நான் ஆரம்பித்ததுமே, "என்ற மருமகளுக்குப் பைத்தியம்னு ஊருக்குள்ள சொல்லோணுமா?" என்று பாய்ந்தார். ஆனால், "பிரசவ உடம்பு தேறலீங்க, ஆயுர்வேத டாக்டரம்மா ஒருத்தர் கோயமுத்தூர்ல இருக்காங்க. எண்ணெய், லேகியம்னு ஏதாவது கொடுப்பாங்க" என்றதும் சரியென்று அவரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு வாசல் அடைத்திருக்கிறது. இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. நம் குடும்பங்களில் பல பேர் நுழையச் சம்மதிக்கும் வாசல் நாட்டு வைத்தியம்தான். அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு மனத்தைப் பற்றிய பயிற்சி இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். இல்லையென்றால் ஒரு லேகிய டப்பாவோடு திரும்பி வருவோம்.

டாக்டரம்மா மருந்து எழுதவில்லை!

எங்கள் அதிர்ஷ்டம், அந்த டாக்டரம்மா கேரளத்தில் மனநோய்ப் பிரிவை மேல்படிப்பாகப் படித்தவர். முதலில் மாமியாரை மரியாதையாக வெளியே உட்கார வைத்தார். என்னை மட்டும், அவள் கேட்டுக் கொண்டதால், உள்ளே இருக்க விட்டார். பிறகு, "சொல்லுங்கம்மா, ராத்திரி எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். ஆமாம், சும்மாத்தான் இருந்தார்! இரண்டு நிமிஷம் மௌனம். பிறகு இவள் உடைந்து அழ ஆரம்பித்தாள். "அழாதே கண்ணு" என்று நான் கையை நீட்டினேன். டாக்டரம்மா என்னைத் தடுத்தார்.

"அழட்டும்ங்க. கண்ணீரை அடக்கக் கூடாதுன்னு எங்க சாஸ்திரத்திலேயே இருக்குது."

முக்கால் மணி நேரம் கேட்டார். தூக்கம், பசி, மலஜலம், வீட்டில் யார் யார், பால் கொடுக்கும்போது என்ன நினைவு வருகிறது என்று எல்லாம் கேட்டார். கடைசியில், பருப்பு விலை விசாரிப்பதைப் போல் அமைதியாக ஒரு கேள்வி: "செத்துப் போயிடலாம்னு எண்ணம் வந்துச்சாம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குனிந்தபடியே சொன்னாள். "ரெண்டு தடவை வந்துச்சுங்க."

டாக்டரம்மா லேகியமும் எழுதவில்லை, அரிஷ்டமும் எழுதவில்லை. தனக்குத் தெரிந்த மனநல டாக்டருக்குப் போன் செய்து அன்றைக்கே பார்க்க ஏற்பாடு செய்தார். "என்னோட எண்ணெயெல்லாம் அப்புறம். முதல்ல இதுங்க" என்றார். மாமியாரை உள்ளே கூப்பிட்டு, "உங்க மருமகளுக்குப் பேயும் இல்லை, பைத்தியமும் இல்லீங்க. பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி மனசுல வர்ற சீக்கு இது. குணமாயிரும். ஆனா உங்க ஒத்தாசை வேணும்" என்றார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக் கொண்டு, "நா என்ன பண்ணோணும், சொல்லுங்க" என்றார்.

சரகர் சொன்ன மூன்று சிகிச்சை

திரும்பி வந்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். ஆயுர்வேதம் என்றால் எண்ணெய், கஷாயம், சூரணம் என்றுதான் நினைத்திருந்தேன். பேச்சும் ஒரு சிகிச்சை என்று அதில் இருக்கிறதா? அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டுத் தெரிந்து கொண்டேன்.

சரக சம்ஹிதை சிகிச்சையை மூன்றாகப் பிரிக்கிறது. மந்திரம், பூஜை, நேர்ச்சை போன்றவை ஒன்று. உணவு, மருந்து இவற்றை யுக்தியோடு கொடுப்பது இரண்டாவது. மூன்றாவது 'சத்வாவஜயம்'. கெடுதல் செய்யும் விஷயங்களின் பின்னே ஓடும் மனத்தைத் திருப்பி நிறுத்துவது என்று பொருள். அதற்கு ஐந்து துணைகள்: தன்னைப் பற்றிய அறிவு, உலகத்தைப் பற்றிய அறிவு, தைரியம், நினைவு, மன ஒருமை. உடம்புக்கு வாதம், பித்தம், கபம் போல மனத்துக்கும் இரண்டு தோஷங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, ஓயாமல் பரபரக்க வைக்கும் ரஜஸ். மற்றது, கல்லாய்ச் சமைய வைக்கும் தமஸ்.

சரகர் இன்னொன்றும் சொல்கிறார். உடம்பின் பதின்மூன்று வேகங்களை அடக்கக் கூடாது என்று ஒரு பட்டியல். பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி என்று போகும் அந்த வரிசையில் கண்ணீரும் இருக்கிறது! கண்ணீரை அடக்கினால் நீர்க்கோப்பு, கண் நோய், நெஞ்சு நோய், ருசியின்மை, தலைச்சுற்றல் வரும் என்கிறார். அதற்கு வைத்தியம்? தூக்கமும், மனத்துக்கு இதமான பேச்சும். (மதுவும் என்று ஒன்று சொல்லியிருக்கிறார். அதை நம் வீட்டு ஆண்பிள்ளைகள் காதில் போட வேண்டாம்!)

அதே இடத்தில், அடக்க வேண்டியவை எவை என்றும் சொல்கிறார். பேராசை, கோபம், பொறாமை, பயம், சோகம். அழுவது வேறு, சோகத்தை ஊட்டி வளர்ப்பது வேறு. கண்ணீரை வெளியே விடு. சோகத்துக்குக் கடிவாளம் போடு. எவ்வளவு நுட்பமான வித்தியாசம் பாருங்கள்!

மன பலத்தில் மனிதர்கள் மூன்று தரம் என்றும் நூலில் இருக்கிறது. முதல் தரத்தார் தாங்களே நிமிர்ந்து நிற்பார்கள். நடுத்தரத்தார் பிறர் தாங்கிப் பிடித்தால் நிற்பார்கள். மூன்றாம் தரத்தாருக்கு அதுவும் போதாது. நம்மில் அநேகர் அந்த நடுத்தரம்தானே? தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கக் கற்றுக் கொள்வதுதான் பயிற்சி.

எட்டரை வருஷப் படிப்பு

இது ஏதோ இரண்டு நாள் வகுப்பில் கற்கும் வித்தையல்ல. ஆயுர்வேதப் பட்டப் படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷம். அதன் பிறகு 'மனோவிஞ்ஞானமும் மானச ரோகமும்' என்ற மேல்படிப்பு மூன்று வருஷம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வரும் கோட்டக்கல் ஆயுர்வேதக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. 1902-ல் வைத்தியரத்னம் பி.எஸ். வாரியர் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கிய அதே ஊர்தான். மனநோய்க்கென்றே ஓர் அரசு ஆயுர்வேத மருத்துவமனையும் அங்கே உண்டு.

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் யார் யார் மனநல நிபுணர் என்று சொல்லும்போது, மனோவிஞ்ஞானம் மேல்படிப்பு முடித்த ஆயுர்வேத டாக்டரையும் அதில் சேர்த்திருக்கிறது. நம் சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' என்ற மேல்படிப்பை முடித்தவருக்கும் அந்த இடம் உண்டு. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'ஆயுர்வேத மனநல ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். "எங்கே படிச்சீங்க, எத்தனை வருஷம் படிச்சீங்க?" என்று கேட்கத் தயங்காதீர்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தறி வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்!

அப்படியென்றால் நம்மால் ஒன்றும் முடியாதா?

முடியும். இதுதான் எனக்கு ரொம்ப நம்பிக்கை கொடுத்த விஷயம்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பக்கத்துக் கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் 100 தாய்மாரில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. காரணங்களைக் கேளுங்கள். வருமானக் குறைவு, பையனை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடோ பெற்றோரோடோ மனஸ்தாபம், கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதது. இவற்றில் எது மருந்துக் கடையில் தீரும்? முக்கால்வாசி நம் வீட்டுக் கூடத்தில் தீர வேண்டியவை!

பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பேச்சு சிகிச்சையில் எளிய பயிற்சி கொடுத்தார்கள். பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் அல்ல, அந்தந்த ஊர்ப் பெண்கள். கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு இருந்த தாய்மாரை அவர்கள் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, சாதாரணமாகப் பார்த்து வந்த தாய்மாரில் 100-க்கு 53 பேருக்கு இன்னும் சோர்வு இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் கவனித்தவர்களில் 23 பேருக்குத்தான்!

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் 2006-ல் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். நம் ஊர்த் திண்ணையேதான்! வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பாட்டிமார் எப்படிக் கேட்பது, எப்போது டாக்டரிடம் அனுப்புவது என்று முறையாகக் கற்றுக் கொண்டவர்கள். நம் திண்ணைப் பேச்சில் கேட்பதைவிடச் சொல்வது ஜாஸ்தி.

வீட்டில் செய்யக் கூடியவை

டாக்டரம்மா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன்.

1. முதலில் கேளுங்கள். "உனக்கென்ன குறைச்சல்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "ரொம்ப கஷ்டமா இருக்குதா கண்ணு? சொல்லு, நான் இருக்கேன்" என்றால் போதும்.

2. அழுதால் தடுக்காதீர்கள். முதுகில் கை வைத்துப் பேசாமல் உட்காருங்கள்.

3. தூங்க விடுங்கள். உணவுக்குச் சமமாகத் தூக்கத்தையும் உடம்பின் தூண் என்கிறது ஆயுர்வேதம். ராத்திரியில் நாலைந்து மணி நேரம் தாய் ஒரே மூச்சாகத் தூங்கும்படி வேறொருவர் குழந்தையைப் பார்த்துக் கொள்ள வேண்டும். தறிச் சத்தம் எட்டாத அறையில் படுக்க வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

4. வேளைக்குச் சூடான சாப்பாடு. 'எல்லாரும் சாப்பிட்ட பிறகு' என்ற பழக்கம் பிள்ளை பெற்றவளுக்கு வேண்டாம்.

5. எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் குளியல். டாக்டர் சம்மதித்த பிறகு, முக்கியமாக ஆபரேஷன் பிரசவமென்றால் தையல் ஆறிய பிறகு. தேய்த்துவிடும் கைக்கும் மருந்து குணம் உண்டு.

6. தினமும் ஒரு சின்னக் காரியம். வாசலில் கோலம், கோயில் வரை ஒரு நடை, தோழியோடு பத்து நிமிஷப் பேச்சு. சோர்ந்த மனத்துக்குப் பெரிய உபதேசத்தைவிடச் சின்னக் காரியம் மேல்.

எப்போது ஓட வேண்டும்?

பிள்ளை பெற்ற முதல் பத்து நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவது அநேகருக்கு உண்டு, தானே சரியாகும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இரவு பகல் தூங்காமல் படபடவென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்று சொன்னாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவளையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது. சாகும் எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் வருவதில்லை, கேட்டால் பாரம் இறங்கும்.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம்; தமிழிலேயே பேசலாம்.

மருந்து விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. மனத்துக்கு உகந்தவை என்று சரகர் சொன்ன நான்கில் நம் வல்லாரையும் அதிமதுரமும் சீந்திலும் உண்டு. 'மூலிகைதானே' என்று கர்ப்பிணியும் பால் கொடுப்பவளும் தாமாகவே சூரணமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. பஸ்பம், செந்தூரம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை, 'இனி ஆயுர்வேதம்தான்' என்று திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்தையும் சொல்லிவிடுங்கள்.

என் நாத்தனார் மகள் அப்படித்தான் தேறினாள். பால் கொடுப்பவளுக்கு ஏற்றபடி மனநல டாக்டர் பார்த்துக் கொடுத்த மாத்திரை, வாரம் ஒரு முறை டாக்டரம்மாவிடம் பேச்சு, பிறகு எண்ணெய்க் குளியல். ராத்திரியில் குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு உலாத்தியவர் யார் தெரியுமா? கயிறு கட்டின அதே மாமியார்தான்! ஒரே வாரத்தில் மாயமெல்லாம் நடக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருநாள், "பாப்பா இன்னிக்குச் சிரிச்சாளுங்க அத்தை" என்று அவளாகவே வந்து சொன்னாள். அவளும் சிரித்தாள்.

தறியில் ஓர் இழை அறுந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'எல்லாம் சரியாப் போயிரும்' என்று ஓட்டிக் கொண்டே போவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறோம். துணிக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நம் வீட்டுப் பெண்ணுக்கும் காட்டுவோமே!

இன்றைக்கு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளை பெற்ற ஒருத்தி இருந்தால், குழந்தையைக் கொஞ்சிவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படி இருக்கே கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை சும்மா இருங்கள்.